கோடு போட்ட ஏழு

அத்தியாயம் 11

போன வாரம் ரேடியோவை ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது காலில் கட்டோடு விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் கிடக்கிறான். வாய் ஓயாமல் பேசுகிறவன் என்பதால் லாரிக்காரர்கள் வைத்த பெயர் அது. ஐந்து நாளாக அந்த ரேடியோ பாடவில்லை.

கிடங்கு வாசலில் பத்தொன்பது மணி நேரம் வரிசையில் நின்று, சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பி, கண் சொருகிப்போய், பாலத்துச் சுவரில் லாரியை மோதியவன் அவன். கிடங்குக்காரர்கள் சொல்வது வேறு. "அவர் வந்ததே ராத்திரி ரெண்டு மணிக்குத்தான். உடனே இறக்கி அனுப்பிட்டோம். கம்ப்யூட்டரைப் பாருங்க" என்கிறார்கள். லாரி வாசலைத் தாண்டும்போதுதான் அவர்கள் கம்ப்யூட்டரில் மணி ஏறும். வெளியே நின்ற நேரம் எதிலும் ஏறாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஒரு முழுப் பகலையே மறைக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

இன்று நாலு மணிக்கு விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அத்தாட்சி ஒன்றும் கையில் இல்லையென்றால், கவனக்குறைவாக ஓட்டினான் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். ரேடியோவின் லைசென்ஸ் போகும். இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றைப் பிடித்தறியாதவன், அப்புறம் எதைப் பிடிப்பான்?

தார்ப்பாய் அக்காவுக்கு இந்த விஷயமெல்லாம் அத்துப்படி. கிடங்குச் சாலையிலேயே, வாசலுக்கு அரைக் கிலோமீட்டர் இந்தப் பக்கம், தகரக் கொட்டகையில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவள் அவள். ரேடியோவின் உயிர்ச் சிநேகிதன் நிதானம் அவள் புருஷன். வண்டியை ஒருநாளும் விரட்டி ஓட்டாததால் வந்த பெயர். ஒரே மகள், அதே கிடங்கின் வாசல் அலுவலகத்தில் எழுத்தர். ஆக, அப்பா வரிசையில் நிற்கிறவர், மகள் வரிசையை எழுதுகிறவள், அம்மா நடுவில் ஊசியும் நூலுமாக.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், நின்று நின்று கால் மரத்துப்போன நிதானம், தன் லாரியின் முகத்தையும் வாசல் சுவரிலிருந்த பெரிய கடிகாரத்தையும் சேர்த்துப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். "காலை 5.40. வந்தாச்சு." பிறகு இன்னொன்று. "இரவு 9.15. இன்னும் இங்கேதான்." அவ்வளவுதான் எழுதினார். மறுநாள் நாலு பேர் தங்கள் படத்தை அனுப்பினார்கள். இப்போது 'வரிசையில் நிற்கிறோம்' பக்கத்தில் அறுபதாயிரம் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்துக்கு இரண்டே விதிகள். படம் இல்லாமல் பேச்சில்லை. வண்டி ஓடும்போது போனைத் தொடாதே. இரண்டையும் எழுதியவர் நிதானம்தான். பக்கத்தைப் பார்த்து வெட்கப்பட்டு ஒரு கிடங்கில் கழிப்பறை கட்டினார்கள், இன்னொன்றில் குடிதண்ணீர்க் குழாய் வைத்தார்கள். இந்தக் கிடங்குக்காரர்கள் மட்டும் அவர்களைவிடப் புத்திசாலிகள். வாசல் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள்.

*

மதியம் ஒன்றேகால் இருக்கும். லாரிக்காரன் சோடா, கிழிந்த தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கொட்டகைக்குள் நுழைந்தான். அவன் கண்ணாடி சோடாப்புட்டி. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். விடியற்காலை மூன்று மணியிலிருந்து அவன் லாரி வரிசையில் நிற்கிறது.

"அக்கா! நிதானம் அண்ணன் போட்டாரு பாருங்க ஒரு போடு!"

"என்னப்பா?"

"பாக்கலியா நீங்க? பதினோரு மணிக்குப் போட்டிருக்காரு. ஒன்பதாயிரம் பேர் பகிர்ந்தாச்சு." சோடா உரக்கப் படித்தான். "'ரேடியோ கிடங்கு வாசலுக்கு வந்த நேரம் காலை 7.07. இதோ அத்தாட்சி.' உள்ளேருந்து எவனோ ஒரு புண்ணியவான் டோக்கன் நோட்டையே படம் புடிச்சு அனுப்பியிருக்கான்க்கா!"

டோக்கன் நோட்டு என்பது, லாரிகள் வந்த வரிசைக்குச் சண்டை வராமல் இருக்க வாசல் எழுத்தர்கள் கையால் எழுதி வைக்கும் நோட்டு. வார முடிவில் கிழித்துப் போட்டுவிடுவார்கள். இந்த வாரத்து நோட்டு இன்னும் கிழிபடவில்லை.

அக்கா மெஷினை நிறுத்தினாள். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். ரேடியோ பிழைத்தான் என்று நினைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கினாள். லாரி எண்கள், பக்கத்தில் மணி. 7.07. கீழே 7.21. அதற்கும் கீழே 7.47.

எல்லா ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.

அந்தக் கோட்டை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். தொழிலுக்கு வந்த புதிதில், பதினேழு அடித் தார்ப்பாயைப் பதினொன்று என்று படித்து வெட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து சாக்குக்கட்டியால் எழுதும் ஒவ்வொரு ஏழுக்கும் கோடு போடுவாள். மகள் எண் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, இந்தக் கொட்டகையில் வெட்டி விழுந்த தார்ப்பாய்த் துண்டுகளில்தான்.

நாலு நாளாக மகள் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோனது ஏன் என்று இப்போது புரிந்தது. நேற்று வேலையிலிருந்து வந்தவள் சாப்பாட்டுப் பையைக் கழுவக் கொடுக்காமல் அறைக்குள் எடுத்துப்போனதும் புரிந்தது.

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்லப்பா. ஊசி குத்திடுச்சு."

மகளுக்குப் போன் அடித்தாள். அணைந்திருந்தது. வாசல் அலுவலகத்தில் எல்லோர் போனையும் தகரப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். டீ நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும்தான் கையில் தருவார்கள். புருஷனுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. பதினான்கு தடவை அடித்தாள். ஓடுகிற வண்டியில் போனைத் தொடாத புருஷன் என்று அவளுக்கு ஊரெல்லாம் பெருமை. அந்தப் பெருமையை இன்று எடுத்து அடுப்பில் போடலாம் போலிருந்தது.

"சோடா, உங்க அண்ணன் வண்டியை நிறுத்தணும். இப்பவே."

"ஏன்க்கா, யாருக்காவது உடம்புக்கு..."

"அதெல்லாம் கேக்காதே. நிறுத்து."

சோடா போனை வாயருகே வைத்து, 'வரிசையில் நிற்கிறோம்' பக்கத்தில் பேசிப் போட்டான். "பெரிய ரோட்டுல இருக்கற அண்ணன்மாருங்களே, நிதானம் அண்ணன் வண்டி கண்ணுல பட்டா நிறுத்துங்க. வீட்டுலேருந்து அவசரம்."

"அவங்களும் ஓட்டும்போது போனைத் தொடமாட்டாங்களே?"

"டீக்கடையில நிக்கறவன் கேப்பான்க்கா. கேட்டவன் ரோட்டைப் பாப்பான்."

அப்படியே நடந்தது. இருபது நிமிஷத்துக்குள் நிதானத்தின் குரல் வந்தது.

"என்ன ஆச்சு? எவனோ சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு நடு ரோட்டுல நிக்கறான். யாருக்கு என்ன?"

"அந்தப் படத்தை யார் அனுப்பினா?"

"தெரியலையே. புது நம்பர். டீ குடிக்க நிறுத்தினப்ப வந்துச்சு. ரேடியோ வண்டி நம்பர் சரியா இருந்துச்சு, போட்டேன்."

"யாருன்னு கேக்கலையா?"

"அனுப்பறவங்க பேரைக் கேக்கறதில்லையே நாங்க."

"ஏழைப் பாருங்க."

"எந்த ஏழை?"

"படத்துல இருக்கற ஏழைப் பாருங்கன்னா!"

லாரிகள் கடந்துபோகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு வந்த குரல், பத்து வயது கூடினவர் குரலாக இருந்தது.

"அதே நம்பர்லேருந்து இன்னொரு சேதி வந்திருக்கு. இப்பதான் பாக்கறேன்."

"படிங்க."

"'படத்தைப் போட்டுடாதீங்க. மணியை மட்டும் எழுதுங்க. கையெழுத்து தெரிஞ்சுடும்.'" மணியையும் படித்தார். "பதினொண்ணு நாலுக்கு வந்திருக்கு. நான் பதினொண்ணு ரெண்டுக்கு வண்டியை எடுத்துட்டேன்."

இரண்டு நிமிஷம். படம் இல்லாமல் பேச்சில்லை என்று படத்தைப் போட்டார். வண்டி ஓடும்போது போனைத் தொடாதே என்று அடுத்த சேதியைப் பார்க்காமல் விட்டார். இரண்டு விதியிலும் ஒரு சொட்டுக் குறை வைக்காமல் நடந்துதான் மனுஷர் பெற்ற மகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். தப்பு செய்தவனையாவது திட்டலாம். இவரை என்ன சொல்லித் திட்டுவது?

"எடுத்துடறேன்" என்றார்.

"எடுத்துட்டா ரேடியோ?"

"ரேடியோ என் சிநேகிதன். அவ என் பொண்ணு." சொல்லிவிட்டு உடனே, "நீ என்ன சொல்றே?" என்று கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்ட நேரம் பாருங்கள்.

"நான் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். அங்கேயே நில்லுங்க."

"சீக்கிரம் சொல்லு. எனக்கும் சாயங்காலம் இறக்கணும். அங்கயும் வரிசை இருக்கும்."

*

சோடாவும் அவளும் வேகமாக நடந்தார்கள். வாசல் சுவரில் கடிகாரம் இருந்த இடம் தூசு படியாமல் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. சோடாவின் லாரிக்கு முன்னால் இப்போது ஒரே ஒரு வண்டிதான். அதற்கும் கதவு திறந்தாகிவிட்டது.

"அடுத்தது நான்தான்க்கா!" என்று சோடா லாரியில் ஏறி உட்கார்ந்தான். பதினொரு மணி நேரம் நின்றவனுக்கு அது கல்யாணக் களை.

அலுவலக ஜன்னல் கண்ணாடி வழியாக அக்கா எட்டிப் பார்த்தாள். மேனேஜர் மேசை மேல் வெள்ளைத் தாள்கள். எழுத்தர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுத வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"காலையிலேருந்து உள்ள ஒரே கெடுபிடிக்கா" என்றார் வாசல் காவலாளி. பத்து வருஷப் பழக்கம். "டோக்கன் நோட்டைக் காணோமாம். கையெழுத்தை ஒத்துப் பாக்கறாங்க. புடிச்சா வேலை போறதோட விடமாட்டாங்களாம். திருட்டுன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம்."

திருட்டு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் ஓடியது. 'எடுத்துடுங்க' என்று அடித்துப் புருஷனுக்கு அனுப்பிவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ரேடியோ மனைவியின் முகம் ஒரு தடவை வந்து போனது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். பெற்ற வயிறு பெரியதுதான், ஆனால் சில நேரம் அதற்குத் தன் பிள்ளை மட்டுமே பிள்ளை.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. சின்னக் கதவு வழியாக மகள் வந்தாள், தோளில் பையோடு. அம்மாவைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ ஏம்மா வந்தே?"

"ஏழைப் பாத்தேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ பாத்தா கண்டுபுடிச்சுடுவேன்னு தெரியும்."

"உன்னையும் எழுதச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஒண்ணுலேருந்து முப்பது வரைக்கும். நான் கோடு போடாம எழுதிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே கண்ணு." அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் மகளின் முகம் அப்படியே இருந்தது.

"என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு கோடு போட்டு எழுதிட்டாம்மா."

"யாரு, புதுசா வந்தவளா?"

"ஆமா. வந்த முதல் வாரத்துல ஒண்ணுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாம ரெண்டு வண்டியை மாத்தி அனுப்பிட்டா. அழுதா. நான்தான் ஏழுக்குக் கோடு போடச் சொல்லிக் குடுத்தேன். இன்னிக்கு எதுக்கு எழுதச் சொல்றாங்கன்னுகூடத் தெரியாம, அழகா ஒவ்வொரு ஏழுக்கும் கோடு போட்டு வச்சிருக்கா. உள்ள ரூம்ல உக்கார வச்சிருக்காங்க."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீ வாயைத் திறக்காதே. சின்னப் பொண்ணு, அழுதா விட்டுடுவாங்க. அவளுக்கென்ன, வேற வேலை கிடைக்கும்."

சொல்லி முடித்ததும் தன் குரல் தனக்கே நாறியது.

"அவளுக்குக் கோடு போடக் கத்துக் குடுத்தது நான்" என்றாள் மகள். "எனக்குக் கத்துக் குடுத்தது யாரும்மா?"

அக்கா அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் ரேடியோ மாமா ஜன்னல்கிட்ட வந்து நின்னாரு. 'பாப்பா, கொஞ்சம் சீக்கிரம் விடச் சொல்லேன், கண்ணு எரியுது'ன்னாரு. நான் மேனேஜர்கிட்ட சொன்னேன். 'உன் வேலையைப் பாரு'ன்னாரு. பாத்தேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்மா. அவரு அங்கயே நின்னாரு." மகள் தோளிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை என்னால வேலையைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"நான் எடுக்கச் சொல்லிட்டேன்டி" என்றாள் அக்கா.

"எதை?"

"படத்தை. அப்பாவை. இப்பதான் அனுப்பினேன்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அவசரமாகப் புருஷனுக்கு அடித்தாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. வண்டியை எடுத்துவிட்டார்.

"விடும்மா. படம் போனாப் போகட்டும்." மகள் தோளிலிருந்த பையைக் கழற்றி அம்மாவின் தோளில் மாட்டினாள். சாப்பாட்டு டப்பாவின் எடை இல்லை அது. தட்டையாக, விறைப்பாக ஏதோ ஒன்று அக்காவின் விலாவில் இடித்தது. "நாலு மணிக்கு முன்னாடி இது ரேடியோ மாமா கையில இருக்கணும். யாருகிட்டயும் குடுக்காதே."

"நீ?"

"நான் போய் ஏழு எழுதிக் காட்டிட்டு வரேன்."

தடுத்திருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். 'சொன்ன பேச்சைக் கேளுடி' என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல், மகள் சின்னக் கதவுக்குள் குனிந்து நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா!" லாரி ஜன்னலிலிருந்து சோடா கத்தினான். "படத்தைக் காணோமே! எடுத்துட்டாரே! 'நிதானம் விலை போயிட்டாரு'ன்னு எழுதறானுங்க. நேத்து வரைக்கும் அண்ணன் அண்ணன்னு உருகினவனுங்க!"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அள்ளப் போனால் கையிலும் மண் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் சொன்னதில்லை.

காவலாளியின் மேசைப் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண் அக்காவின் தோளுக்கு வந்தது. போனை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி வெளியே வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பையைக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க. மேனேஜர் சொல்றாரு."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு சோடாவின் லாரிப் படியில் கால் வைத்து ஏறி, கதவை அடித்துச் சாத்தினாள்.

"எடுப்பா வண்டியை. ஆஸ்பத்திரிக்கு."

சோடா திகைத்துப்போனான். "அக்கா, பதினொரு மணி நேரம் நின்னிருக்கேன். அடுத்தது என் வண்டிக்கா."

"தெரியும்."

"இப்ப வெளிய எடுத்தா மறுபடி வாலுக்குத்தான் போகணும். நாளைக்குத்தான் இறக்க முடியும்."

அக்கா பையின் ஜிப்பை விரலளவு திறந்தாள். நீல அட்டை நோட்டின் ஒரு மூலை தெரிந்தது. சோடா பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான், சட்டையில் துடைத்தான், மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். எதிரே கிடங்கின் பெரிய கதவு அவனுக்காகத் திறந்துகொண்டிருந்தது.

சாவியைத் திருகினான். பிரேக்கின் காற்று உஸ்ஸென்று இறங்கியது. லாரி வலது பக்கம் வளைந்து, வரிசையை விட்டு வெளியே வந்து திரும்பியது. காவலாளி கையைக் காட்டினார், ஆனால் ஓடிவரவில்லை.

பின்னால் நின்ற லாரியைக் கடக்கும்போது, அதன் டிரைவர் அக்காவையும் பார்த்தான், அவள் மடியிலிருந்த பையையும் பார்த்தான். பக்கக் கண்ணாடியில் அக்கா கவனித்தாள். அவன் வண்டி முன்னால் நகரவில்லை. கதவு திறந்து கிடக்கிறது, முன்னால் ஒரு லாரி நீளத்துக்கு இடம் காலி. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். அவன் ஸ்டியரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோடாவின் இடம் சோடாவுக்காகக் காலியாகவே கிடந்தது.

சோடாவும் அதைப் பார்த்துவிட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கியரை மாற்றினான்.

அக்காவின் போன் அதிர்ந்தது. புருஷன் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அனுப்பியது, இப்போதுதான் வந்து சேர்கிறது.

'எடுத்துட்டேன். ஊர் என்ன வேணா பேசட்டும். நம்ம பொண்ணு தப்பிச்சா போதும். இறக்கிட்டுப் பேசறேன்.'

பதில் அனுப்பினாலும் அவர் பார்க்கமாட்டார். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். தூரத்தில், வாசல் அலுவலகத்தின் ஜன்னலுக்கு யாரோ உள்ளிருந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து தப்பிக்க வைத்த மகள், அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏழுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.